கெல்ட் என்ற வார்த்தையும் ஞாயிறு ஒன்றரை மணியும்

4 நவம்பர் 2001, ஞாயிறு

குளிர் தொடங்கிவிட்டது. ஸ்வெட்டர் இல்லாமல் கிளம்பியது தப்பு. கசார்வாடியில் 7.10 லோக்கல், சிவாஜிநகர் 7.35. எட்டு மணிக்கு ஜெர்மன் வகுப்பு.

சுமதி மியூனிக் போய் இன்றோடு ஐந்து வாரம். கம்பெனி அனுப்பியது ஆறு மாதத்துக்கு. சாகண் பிளான்ட்டிலிருந்து இரண்டே பேரைத்தான் எடுத்தார்கள், அதில் ஒருத்தி இவள். பெருமையாகத்தான் இருக்கிறது. இருக்க வேண்டும்.

வொர்க்‌ஷாப்பில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருப்பது: பழைய ஜெர்மன் மெஷின் ஒன்று வாங்கியிருக்கிறோம், அதைப் படிக்க ஆள் வேண்டும், அதனால் வகுப்பு. உண்மை வேறு. இங்கே மட்டும் எழுதுகிறேன். காலையில் எழுந்ததும் அவள் காதில் என்ன விழுகிறதோ அது என் காதிலும் விழ வேண்டும்.

குல்கர்ணி மேடம் இன்று சீட்டுக் குலுக்கினார். ஆளுக்கு ஒரு வார்த்தை. அது எங்கிருந்து வந்தது, இன்றைக்கு எப்படிப் புழங்குகிறது என்று கோர்ஸ் கடைசியில் ஐந்து நிமிடம் ஜெர்மனில் பேச வேண்டும். பக்கத்து சீட் இர்ஃபானுக்குக் காடு. முன் வரிசைப் பெண்ணுக்குப் பாலம். எனக்கு 'கெல்ட்'. பணம். வகுப்பே சிரித்தது. முப்பத்தெட்டு வயது, வகுப்பிலேயே மூத்தவன், பணம் என்னிடம் வந்தது நியாயம்தானாம்.

உச்சரிப்பு: கணபதியின் க. கடைசி எழுத்தை அழுத்தி நிறுத்தணும்.

ஒன்றரைக்குப் போன். அங்கே காலை ஒன்பது. அவள் வாங்கும் போன் கார்டுக்குப் பன்னிரண்டு நிமிடம். மகள் ரம்யா எட்டு நிமிடம் எடுத்துக்கொண்டாள் (டீச்சர், பென்சில் பாக்ஸ், எதிர்வீட்டுப் பூனை). மிச்சம் நாலு.

"சாப்புட்டீங்களா?"

"ஆச்சு. நீ?"

"ஆச்சுங்க. குளுரு ஜாஸ்தியாயிருச்சு, கெல்."

"என்ன?"

"ஒண்ணுமில்லீங்க. பாப்பாவுக்கு ராத்திரி சாக்ஸ் போட்டு விடுங்க."

முடிந்தது. 'கெல்' என்றாளா, 'கேள்' என்றாளா? கேட்டுக்கொண்டுதானே இருக்கிறேன்.

11 நவம்பர், ஞாயிறு

வாங்க வேண்டியது: ரம்யாவுக்கு வெள்ளை கேன்வாஸ் ஷூ. தேங்காய் எண்ணெய். கொத்தமல்லி.

வகுப்பில் அவமானம். கெல்ட் என்பது தங்கத்திலிருந்து வந்திருக்கும், அவர்கள் தங்கத்துக்குச் சொல்வது 'கோல்ட்', காதுக்கே தெரிகிறதே என்றேன். மேடம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"காதை நம்பாதீங்க கதிர்வேல். தங்கத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. இந்தாங்க, படிச்சுட்டு வாங்க."

தடி அகராதியிலிருந்து இரண்டு பக்கம் ஜெராக்ஸ். பொடி எழுத்து. பாதிக்கு மேல் சுருக்கக் குறிகள். ஒரு வரிக்கு அரை மணி நேரம்.

போனில் சு.விடம் இதைச் சொல்லலாம் என்றிருந்தேன். தீபாவளிக்கு ர.வுக்கு என்ன எடுப்பது என்பதிலேயே நேரம் போய்விட்டது.

14 நவம்பர், புதன். தீபாவளி

வெயில் பளிச்சென்று. அதிகாலை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினேன். கண்ணில் சீயக்காய் பட்டு ர. ஒரே அழுகை. "அம்மா அஸ நாஹி கரத்" என்கிறாள். அம்மா இப்படிச் செய்யமாட்டாளாம். தமிழில் சொல்லு கண்ணு என்றேன். "அம்மா மெதுவா போடும்" என்றாள்.

அதிரசம் முயன்றேன். எண்ணெயில் போட்டதும் கரைந்து போனது. எதிர்வீட்டு பாட்டீல் காக்கு (நான் வகுப்புக்குப் போகும்போது ர.வைப் பார்த்துக்கொள்கிறவர்) ஒரு தட்டு சக்லியும் சங்கர்பாளியும் கொண்டுவந்து, அடுப்பைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். நல்ல மனுஷி.

சாயங்காலம் அவர் வீட்டில் லட்சுமி பூஜை. தாம்பாளத்தில் நோட்டும் நாணயமும் பரப்பி, மேலே குங்குமம். அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் ஜெராக்ஸில் காலையில் எழுத்துக்கூட்டிய வரி பிடிபட்டது. 'கெல்ட்' ஆதியில் நாணயமே இல்லை. சாமிக்குச் செலுத்தும் காணிக்கை. அப்புறம் ஒருவருக்குத் திருப்பிச் செலுத்தியாக வேண்டியது எதுவும். நாணயம் என்ற பொருள் பல நூறு வருஷம் கழித்துத்தான். காக்குவின் தாம்பாளத்தில் இரண்டும் ஒன்றாக.

மத்தியானம் ஆபீஸிலிருந்து சு. ஐந்து நிமிடம் பேசினாள். "இங்க எல்லாருக்கும் இது சும்மா புதன்கிழமைங்க. மீட்டிங்ல உக்காந்திருந்தேன், பட்டாசுச் சத்தம் கேக்கற மாதிரியே இருந்துச்சு." பின்னால் யாரோ அவள் பெயரைத் தப்பாகக் கூப்பிட்டார்கள். "ஸுமாட்டி."

18 நவம்பர், ஞாயிறு

போனை விட்டுவிட்டேன்.

கட்கியில் லோக்கல் நாற்பது நிமிடம் நின்றது. யாருக்கும் காரணம் தெரியவில்லை. இறங்கி ஓடி ரிக்‌ஷா பிடித்து, படியேறும்போது மணி இரண்டு ஐந்து. ர. பூட்டிய கதவின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். "போன் வந்துச்சு அப்பா. ரொம்ப நேரம் வந்துச்சு. நான் உள்ள போக முடியல."

எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினேன். சு. தங்கியிருக்கும் வீட்டு நம்பர். எடுத்தது வீட்டுக்கார அம்மா, ஹூபர். அறுபதைத் தாண்டிய விதவை, சு. சொல்லியிருக்கிறாள். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு ஜெர்மன்காரரிடம் ஜெர்மன் பேசினேன்.

"சுமதி, பிட்டெ." சுமதியைக் கூப்பிடுங்கள், தயவுசெய்து.

அந்தம்மா நீளமாக ஏதோ சொன்னார். குரல் அன்பாகத்தான் இருந்தது. பிடிபட்டவை: இல்லை. இன்று. பெர்கெ. நான் "டாங்கெ, டாங்கெ" என்று இரண்டு தரம் நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

அகராதி பார்த்தேன். பெர்கெ = மலைகள்.

19 நவம்பர், திங்கள்

டாபோடி சைபர் கஃபேயில் மெயில். ஆபீஸ் ஆட்களோடு மலைக்குப் போயிருந்தாளாம். கிளம்புமுன் பேசலாம் என்று சீக்கிரமே அடித்தாளாம். ஒரு போட்டோ. திறக்க ஆறு நிமிடம் ஆனது, மேலிருந்து கீழே கொஞ்சம் கொஞ்சமாக. முதலில் வானம். பிறகு பனி. பிறகு அவள்.

சிவப்பு ஜாக்கெட். இரவல் போல. முடியைத் தோள் அளவுக்கு வெட்டியிருக்கிறாள். சொல்லவே இல்லை. சிரிக்கிறாள், யாரைப் பார்த்து என்று தெரியவில்லை, போட்டோவுக்கு வெளியே யாரோ.

பிரிண்ட் எடுத்தேன். கறுப்பு வெள்ளையில் ஜாக்கெட் சாம்பலாக வந்தது. ர.விடம் காட்டினேன். "அம்மா சுந்தர் திஸ்தே" என்றாள். அழகாகத்தான் இருக்கிறாள்.

22 நவம்பர், வியாழன்

நல்ல நாள். எழுதி வைக்கிறேன்.

அந்த ஜெர்மன் மெஷினில் கியர் வெட்டும்போது கட்டர் உடைந்துகொண்டே இருந்தது. எட்டு மாதமாக. முதலாளி ஷிண்டே கட்டர் விற்றவனைத் திட்டுவார், நான் ஆபரேட்டரைத் திட்டுவேன். மெஷின் பக்கவாட்டில் வேக அட்டவணை ஒன்று, பித்தளைத் தகடு. கீழே கிரீஸ் மூடிய ஒரு வரி. இன்று மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தேன். "கில்ட் நூர் ஃப்யூர் கிராவ்குஸ்."

கிராவ்குஸ் தெரியும், வார்ப்பிரும்பு. நூர், மட்டும். 'கில்ட்'? சாப்பாட்டு நேரத்தில் அகராதி. கெல்டன் என்ற வினைச்சொல்லின் ரூபம். கெல்டன்: செல்லுபடியாதல். அந்த அட்டவணை வார்ப்பிரும்புக்கு மட்டும்தான் செல்லும்! நாங்கள் அதே வேகத்தில் அலாய் ஸ்டீலைப் போட்டுக் கருக்கிக்கொண்டிருந்தோம்.

வேகத்தைக் குறைத்தோம். சாயங்காலம் வரை ஒரு கட்டரும் உடையவில்லை. ஷிண்டே என் முதுகில் தட்டி, "காய் ஸாங்க்தோஸ் கதிர், என்ன சொல்ற, ஒரு வார்த்தைக்காகவா இத்தனை நாள்!" என்றார். எல்லோருக்கும் வடாபாவ்.

அகராதியில் இன்னும் இரண்டு வரி கீழே போனேன். கெல்ட் இந்த கெல்டனிலிருந்து வந்ததுதான். பணம் என்றால் செல்வது. நம் ஊரில் கிழிந்த நோட்டை நீட்டினால் கடைக்காரர் கேட்பாரே, இது செல்லுமா என்று, அதே.

சு.வுக்கு உடனே சொல்ல வேண்டும் போலிருந்தது. மணி பார்த்தேன். வியாழன். மெயில் அடித்தேன், நாலு பக்கம். அவ்வளவு நீளமாக அவளுக்கு எழுதியது கல்யாணத்துக்கு முன்னால்.

25 நவம்பர், ஞாயிறு

போன் என் கைக்கு வந்ததும்: "ஏனுங்க, அந்த வார்த்தை என்னாச்சு?"

ர.விடம் கெஞ்சி மூன்று நிமிடத்தில் போனை வாங்கினேன். ஒன்பது நிமிடம் எனக்கு!

சு. சொன்னது: ஹூபரம்மாவின் காய்கறிப் பையை இரண்டு மாடி தூக்கிக் கொடுத்தாளாம். அந்தம்மா கையைப் பிடித்துக்கொண்டு என்னவோ கடவுள் என்றாராம். "மறக்கறதுக்கு இவங்க சொல்ற வார்த்தையும் அதே மாதிரிதான், எனக்கு 'கடவுள மறந்துரு'ன்னு கேட்டுச்சுங்க. திக்குன்னு ஆயிருச்சு. இத்தன பக்தியான அம்மா ஏன் இப்படிச் சொல்றாங்கன்னு ரெண்டு நாளா நெனச்சுட்டே இருந்தேன்."

"ஃபெர்கெல்ட்ஸ் கோட்?"

"அதேதாங்க! உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஜெராக்ஸ்ல இருக்குது. கடவுள் உனக்குத் திருப்பிச் செய்யட்டும்னு அர்த்தம். அந்தப் பக்கத்துக்காரங்க நன்றிக்குப் பதிலாச் சொல்றது. அதுக்குள்ள இருக்கறதும் கெல்ட்தான்."

சிரித்தாள். சிரிப்பை நிறுத்த முடியாமல் சிரித்தாள். நடுவில் கார்டு தீர்ந்து கட்டானது. ரிசீவரைக் காதிலேயே வைத்திருந்தேன் கொஞ்ச நேரம்.

அவள் வீட்டுச் சமாச்சாரம் ஒன்றை இங்கிருந்து நான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

2 டிசம்பர், ஞாயிறு

'கெல்' பற்றிக் கேட்டேவிட்டேன். "நானா? அப்படியா சொல்றேன்?" என்று அவளுக்கே ஆச்சரியம். ஹூபரம்மா ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசியிலும் சேர்ப்பாராம், இல்லையா என்கிற மாதிரி. நாங்கள் கோயம்புத்தூர்க்காரர்கள் இல்லீங்களா, ஏனுங்க என்று இழுப்பது போல. ஒட்டிக்கொண்டுவிட்டது.

மேடத்திடம் காலையிலேயே விசாரித்து வைத்திருந்தேன். இதுவும் கெல்டன்தான். 'செல்லட்டும்' என்பது தேய்ந்து 'கெல்' ஆனது. நான் சொன்னது சரிதானே, நமக்குள் செல்லுபடிதானே.

"அப்ப இத்தன நாளா உங்ககிட்டப் பணம் பணம்னு சொல்லிட்டு இருந்திருக்கேன்" என்றாள் சு.

மேடம் என்னிடம் தமிழில் பணத்துக்கு என்னென்ன சொல்வீர்கள் என்று கேட்டார். பணம், காசு, துட்டு. துட்டு டச்சுக்காரர்களின் செப்புக்காசுப் பெயர் என்று படித்திருக்கிறாராம். இர்ஃபான் வகுப்பு முடியும் வரை என்னை துட்டு சாஹேப் என்றான்.

சு. அரைத்து வைத்துவிட்டுப் போன சாம்பார்ப்பொடி இன்று தீர்ந்தது. கடையில் பாக்கெட் வாங்கினேன். ர. ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

6 டிசம்பர், வியாழன்

ர.வுக்கு ஜுரம். 103. லீவு. நெற்றியில் ஈரத்துணி. ரத்தப் பரிசோதனை. டாக்டர்: மலேரியா இல்லை, டைபாய்டு ரிசல்ட் நாளை. தூக்கத்தில் அம்மா அம்மா என்று. என்னைக் கூப்பிடவில்லை. அது எதற்கு எழுதுகிறேன்.

சு.வுக்குச் சொல்ல வேண்டாம். அங்கே உட்கார்ந்துகொண்டு துடிப்பாள்.

7 டிசம்பர், வெள்ளி

டைபாய்டு இல்லை. வைரல். 100. கஞ்சி குடித்தாள்.

9 டிசம்பர், ஞாயிறு

வகுப்புக்குப் போகவில்லை. ஜுரம் விட்டுவிட்டது.

போன். ர. எடுத்ததும் சொல்லிவிட்டாள், "அம்மா, எனக்கு ஊசி போட்டாங்க, மூணு."

என்னிடம் போன் வந்தது.

"எப்பலிருந்து?"

"வியாழக்கெழம. இப்ப நல்லா இருக்கா."

"எங்கிட்டச் சொல்லோணும்னு தோணலீங்களா?"

"சொல்லி? அங்கிருந்து நீ என்ன பண்ணப் போற?"

சொல்லியிருக்கக்கூடாது. சொன்ன உடனே தெரிந்தது.

"அப்ப நான் எதுக்குங்க?" என்றாள். கத்தவில்லை. அவ்வளவு மெதுவாக அவள் பேசிக் கேட்டதில்லை. வைத்துவிட்டாள். கார்டில் ஏழு நிமிடம் இருந்திருக்கும்.

16 டிசம்பர், ஞாயிறு

சரியாக ஒன்றரைக்கு அடித்தாள். "பாப்பாகிட்டக் குடுங்க." பன்னிரண்டு நிமிடமும் ர.தான். நான் சமையலறையில் நின்று, எது அவள் கேட்ட கேள்வியாக இருக்கும் என்று ர.வின் பதில்களை வைத்து ஊகித்துக்கொண்டிருந்தேன். ஆமா. தினமும். இல்ல, அப்பாதான். பச்சை கலர். அப்பா நல்லாத்தான் இருக்காங்க.

கடைசிப் பதிலுக்குக் கேள்வி இருந்திருக்க வேண்டும்.

20 டிசம்பர், வியாழன்

சு.விடமிருந்து மெயில். சண்டையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தலைப்பு: உங்க வார்த்தைக்கு. கேன்டீனில் உடன் வேலை செய்கிறவர்களைக் கேட்டு எழுதியிருக்கிறாள். பேச்சு வழக்கில் பணத்துக்குச் சொல்பவை:

நிலக்கரி. கூழாங்கல். பாசி (அது உண்மையில் யூதர் பேச்சில் காசுக்கு உள்ள சொல்லாம், கேட்பதற்குப் பாசி போல ஆகிவிட்டதாம்). குழந்தைகள் பிசைந்து விளையாடும் களிமாவு.

கெல்ட் சேர்ந்து வருபவை: குடிக்கெல்ட் = ஓட்டலில் டிப்ஸ். பிள்ளைக்கெல்ட் = குழந்தைகளுக்காக சர்க்கார் தருவது. வலிக்கெல்ட் = ஒருவர் நம்மை வலிக்கச் செய்தால் கோர்ட் வாங்கித் தருவது.

கடைசி வரி: "வலிக்கெல்ட் எனக்கு எவ்வளவு வரும்னு உங்க மேடத்தைக் கேட்டுச் சொல்லுங்க. நீங்களும் கேஸ் போடலாம். நானும் உங்களுக்குத் தர வேண்டியிருக்கும்."

நாலு தடவை படித்தேன். கஃபேக்காரர் நேரம் முடிந்தது என்றார். இன்னும் அரை மணி நேரம் வேண்டும் என்றேன். பதிலில் மன்னிச்சுக்கோ என்று அடித்தேன். அழித்தேன். மறுபடி அடித்து அனுப்பிவிட்டேன்.

23 டிசம்பர், ஞாயிறு

குளிர் 7 டிகிரி. காக்கு ர.வுக்குக் குல்லா பின்னியிருக்கிறார்.

சு. சொன்னாள்: மூன்று வருஷம் அங்கேயே இருக்கச் சொல்கிறார்கள். குடும்பத்தைக் கூட்டிக்கொள்ளலாம், விசா அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஜனவரி கடைசிக்குள் பதில்.

"நீங்க என்ன சொல்றீங்க?"

"நல்ல வாய்ப்பு."

"அது எனக்கும் தெரியுங்க. நீங்க என்ன சொல்றீங்க?"

"யோசிக்கலாம்."

"சரி. யோசிங்க."

மார்ச் 31, அவள் திரும்பும் நாள் என்று காலண்டரில் நான் போட்டு வைத்திருந்த வட்டம். மூன்று வருஷத்துக்குக் காலண்டரே இல்லை.

30 டிசம்பர், ஞாயிறு

வகுப்பு முடிந்து மேடத்திடம் தனியாகக் கேட்டேன். என் டிப்ளமோ, பதினாறு வருஷ அனுபவம், அங்கே போனால்?

அவர் பொய் சொல்லமாட்டார். "பேப்பர் அங்கே செல்லாது கதிர்வேல். கில்ட் நிஷ்ட். திரும்ப எழுதணும், திரும்பப் படிக்கணும். அதுக்கு மொழி இன்னும் நாலு மடங்கு வேணும். முதல்ல எங்கேயாவது மூட்டை தூக்கற வேலை கிடைக்கலாம்."

திரும்பும் வழியில் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஒரு லோக்கலை விட்டேன். அடுத்ததில் ஏறி, போனுக்கு நாலு நிமிடம் முன்னால் வீட்டில். சு.விடம் இதைச் சொல்லவில்லை. சு.வும் கேட்கவில்லை. பனி பற்றிப் பேசினோம்.

1 ஜனவரி 2002, செவ்வாய்

வருஷப் பிறப்புக்கு என்று சு. அடித்தாள். அங்கே இன்று முதல் புதுப் பணம், யூரோ. பழைய பணமான மார்க்கைக் கடைகளில் பிப்ரவரி வரை வாங்குவார்களாம். பேக்கரியில் ஒரே கூட்டம், எல்லோரும் நாணயத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்களாம், விளையாட்டுக் காசு மாதிரி இருக்கிறது என்று.

ஹூபரம்மா காபி குடிக்கக் கூப்பிட்டாராம். பணம் மாறுவதை அவர் பார்ப்பது இது இரண்டாவது தடவை. போர் முடிந்த சில வருஷத்தில், சிறுமியாக இருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டு வந்தால் அப்பாவின் மேஜை டிராயரில் இருந்த பணமெல்லாம் செல்லாத வெறும் காகிதமாம். அவர் அப்பா அன்று மத்தியானம் தோட்டத்தில் உருளைக்கிழங்குப் பாத்திக்கு மண் அணைத்தாராம்.

"அழுதாங்களா?" என்றேன்.

"இல்லீங்க. சிரிச்சாங்க. அன்னைக்கு அந்தப் பாத்தியில அப்பா கூட நின்னது மட்டும்தான் ஞாபகம் இருக்குதாம்."

13 ஜனவரி, ஞாயிறு

நாளை பொங்கல். கரும்பு பிம்ப்ரி மார்க்கெட்டில் கிடைத்தது.

பேச்சை எழுதி முடித்தேன். இரண்டரைப் பக்கம். கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்க்கிறேன். ர. கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு, என்னைவிட நன்றாகச் சொல்கிறாள். "அப்பா, நீ 'ஃப்யூர்' சொல்றப்போ மூஞ்சி வேற மாதிரி ஆகுது."

சு. இன்று அவசரமாகப் பேசினாள். பதில் கொடுக்க வேண்டிய நாள் நெருங்குகிறது. அவள் அதை எடுக்கவில்லை. நானும்.

20 ஜனவரி, ஞாயிறு

பேசினேன்.

கோல்ட் இல்லை கெல்டன் என்றேன். காணிக்கை, திருப்பிச் செலுத்துவது, பிறகுதான் நாணயம் என்றேன். இங்கிலீஷில் விளைச்சலுக்குச் சொல்லும் யீல்ட் கூட இதே குடும்பம் என்றேன். கட்டர் உடைந்த கதைக்கு எல்லோரும் சிரித்தார்கள். நிலக்கரி, கூழாங்கல், களிமாவு. ஹூபரம்மாவின் நன்றி. இலக்கணப் பிழை எத்தனை என்று எண்ணவில்லை.

பேசியவர்களிடம் மேடம் ஒரு கேள்வி கேட்பார், தயார் செய்யாமல் பதில் சொல்ல வேண்டும். என்னிடம் கேட்டது: "உங்கள் வீட்டில் எது செல்லும்?" விளையாட்டாகத்தான் கேட்டார். ரூபாயா, மார்க்கா, யூரோவா என்கிற மாதிரி.

என் வாயில் வந்தது: "என் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை ஒன்றரை மணி மட்டும் செல்லும்."

இர்ஃபான் சிரிக்க ஆரம்பித்து நிறுத்தினான். மேடத்துக்குத் தெரியும், என் மனைவி எங்கே இருக்கிறாள் என்று. "வாக்கியம் சரி" என்றார். "உட்காருங்க."

ஒன்றரைக்கு சு.விடம் எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பதிலையும். கட்டாகிவிட்டது என்று நினைத்தேன்.

"சுமதி?"

"இருக்கேனுங்க."

"நீ இல்லாம இங்க இருக்க முடியல சுமதி."

"ஏனுங்க, மூணு மாசமா பணத்துக்கு அவங்க என்ன சொல்றாங்க, இவங்க என்ன சொல்றாங்கன்னு அத்தனையும் பேசினீங்க. இத ஒருக்கா எங்கிட்டச் சொன்னீங்களா?"

"சொல்லத் தெரியல."

மூக்கை உறிஞ்சினாள். "நான் வெள்ளிக்கெழமை கையெழுத்துப் போட்டுட்டேனுங்க. மூணு வருஷத்துக்கு. நீங்க வான்னும் சொல்லல, வேண்டாம்னும் சொல்லல. உங்களுக்கு எப்படியும் பரவால்லன்னு நெனச்சுட்டேன்."

கார்டு தீர்ந்தது.

22 ஜனவரி, செவ்வாய்

ஒன்றும் ஓடவில்லை. வொர்க்‌ஷாப்பில் அளவை இரண்டு தடவை தப்பாகப் படித்தேன். ஷிண்டே வீட்டுக்குப் போகச் சொன்னார்.

கோபம் வருகிறது. யார் மேல் என்று பார்த்தால், இரண்டு நாளாக முயன்றும் அவளைக் குறை சொல்ல முடியவில்லை. டிசம்பர் 23 பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். அவள் இரண்டு தடவை கேட்டிருக்கிறாள். நான் 'நல்ல வாய்ப்பு' என்றிருக்கிறேன்.

அலமாரியில் அவள் பக்கத்தைத் திறந்தேன். காட்டன் புடவைகள். நீல சல்வார். அந்த வாசனை இன்னும் கொஞ்சம். மூடிவிட்டேன், தீர்ந்துவிடும்.

25 ஜனவரி, வெள்ளி

ர.விடம் கேட்டேன். அங்கே போகலாமா, பனி இருக்கும், உன் பிரெண்ட்ஸ் இருக்கமாட்டார்கள், மராத்தி யாரும் பேசமாட்டார்கள். கொஞ்சம் யோசித்தாள். "அம்மா இருக்குமா?" என்றாள்.

27 ஜனவரி, ஞாயிறு

கோர்ஸ் முடிந்துவிட்டது. காலை முழுக்க வீட்டில். ஒன்றரைக்கு நானே போனை எடுத்தேன், ர.வுக்கு முன்னால்.

"நாங்க வர்றோம். ரம்யாவுக்குப் பரீட்சை முடிஞ்சதும்."

"உங்க வேலை?"

"என் பேப்பர் அங்க செல்லாதாம். மேடம் சொன்னாங்க. ஒரு மாசமாச்சு, உங்கிட்டச் சொல்லல."

"அப்பறம் எப்படிங்க? நான் ஆபீஸ் போயிட்டு வர்றப்ப நீங்க சன்னல்ல உக்காந்திருக்கறத நான் பாக்கோணுமா? அதுக்குப் பேசாம நான் இவங்ககிட்டச் சொல்லிட்டு…"

"கையெழுத்த மாத்தாத. அது உன் உழைப்பு."

"உங்க பதினாறு வருஷம்?"

"அதுவும் உழைப்புதான். முதல்ல மூட்டை தூக்கற வேலைதான் கெடைக்கும்னாங்க. தூக்கறேன். மறுபடி பரீட்சை எழுதறேன். இங்க மட்டும் என்ன பண்ணிட்டு இருக்கேன் சுமதி? வாரத்துல ஆறு நாளு ஏழாவது நாளுக்காக உக்காந்திருக்கேன்."

பிறகு, "ரெண்டு பேருக்கும் ஷூ அளவு சொல்லுங்க. இங்க பழைய பனி ஷூ மலிவாக் கெடைக்கும்" என்றாள்.

ர. 1. நான் 8.

4 பிப்ரவரி, திங்கள்

பாஸ்போர்ட் ஆபீஸ். லீவு போட்டு ஏழு மணிக்கே வரிசை. என் முன்னால் முப்பது பேர், எல்லோரும் துபாய். வெயில் ஏற ஆரம்பித்துவிட்டது, குளிர் போயே போச்சு.

பதினொன்றரைக்குக் கவுன்ட்டர். குமாஸ்தா என் காகிதங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். டிப்ளமோ நகலைப் பார்த்தார், வேலை பார்க்கும் இடத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஜெர்மனியா? தித்தே காய் காம்?"

அங்கே என்ன வேலை.

"பாய்கோ ஆஹே தித்தே" என்றேன். பெண்டாட்டி அங்கே இருக்கிறாள்.

தலையை ஆட்டினார். முத்திரை. 'புட்சா' என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.